கூப்பிட்ட எடை, நின்ற எடை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் உட்கார்ந்திருப்பவளே, உன்னையும்தான் சொல்கிறேன், அங்கே காற்று வருகிறது. போர்வையில் இடம் இல்லையென்றால் உண்டாக்கிக்கொள்ளலாம். விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள்... போதும், போதும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவேண்டும். பாதியில் யாராவது நழுவினாலும் எனக்குத் தெரியவேண்டும்.

கதை ஒன்று சொல்கிறேன். நான் இட்டுக்கட்டியது இல்லை. என்னோடு முப்பது வருஷமாகப் பழகும் தையல்காரி ஒருத்தி உண்டு. அவளுடைய அண்ணன் மகளுக்கு நடந்தது. கடைசி ராத்திரி தையல்காரியும் அங்கேயே இருந்தாள். வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டேதான் எனக்குச் சொன்னாள். வாயில் ஊசி இருக்கும்போது அவளுக்குப் பொய் வராது.

இரவு மணி இரண்டு பத்து.

ஊர் முடிந்து, கடைசி பெட்ரோல் பங்கும் முடிந்து, அதற்கப்புறம் நீளுகிற லாரி ரோடு. இரண்டு பக்கமும் வெற்று நிலம். விளக்குக் கம்பங்களில் ஒன்று விட்டு ஒன்று எரிகிறது. அந்த ரோட்டோரம் ஓர் எடைமேடை. பார்த்திருப்பீர்கள். தரை மட்டத்தில் நீளமாக இரும்புத் தகடு பதித்திருக்கும். லாரி அதில் ஏறி நிற்கும். பக்கத்திலே ஒரு சின்ன அறை. உள்ளே இருப்பவர் சிவப்பு எண்களைப் பார்த்து எடையை மைக்கில் சொல்வார். வெளியே கம்பத்தில் கட்டின ஸ்பீக்கர் அதைக் கத்தும். சிவப்பு விளக்கு பச்சையாகும். லாரி இறங்கிப் போகும். அவ்வளவுதான் வேலை.

அந்த மேடையை நாற்பது வருஷம் பார்த்துக்கொண்டவர் அந்தப் பெண்ணின் தாத்தா. தையல்காரிக்கு அப்பா. லாரிக்காரர்கள் அவரை 'கிலோ' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி, பேர் கிலோ. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்த பிறகு, அவருடைய நாற்காலியில் பேத்தி உட்கார்ந்தாள். சின்ன வயதில் அந்த அறைக்குள்ளேயே மேசைக்கடியில் படுத்துத் தூங்கி வளர்ந்தவள் என்பதால் அவளுக்கு அவர் வைத்த பேர் சுண்டெலி. முப்பது வயதாகியும் சுண்டெலிதான்.

அறைச் சுவரில் அவர் கையால் எழுதின ஒரு வரி இருந்தது. பச்சைப் பெயின்டு. எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

'கூப்பிட்ட எடையும் நின்ற எடையும் ஒன்றானால்தான் பச்சை.'

அதாவது, மைக்கில் சொன்ன எண்ணும் மேடையில் நிற்கிற எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் வண்டி நகரலாம். ஒரு பத்து கிலோ மாறினாலும் வண்டி அங்கேயே நிற்கவேண்டும். மழையா, பின்னால் இருபது லாரி ஹாரன் அடிக்கிறதா... நிற்கவேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அவர் யாருக்கும் வளைந்ததில்லை. கலெக்டரே வண்டியோடு வந்து நின்றாலும் இதுதான் கதை.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. தினமும் ராத்திரி இரண்டு பத்துக்கு, வண்டி வராத அந்தக் கொஞ்ச நேரத்தில், மேடையைச் சோதிப்பார். அவரே ஏறி நடப்பார். மேடைக்கு அடியில் நான்கு மூலையிலும் எடை வாங்குகிற இரும்புக் குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மூலையிலும் அவர் நின்று பார்க்கவேண்டும். நான்கிலும் ஒரே எண் வந்தால் மேடை சரி. கடைசியில் நடுவில் வந்து நிற்பார். உள்ளே இருப்பவர் மைக்கில் எடையைச் சொல்லவேண்டும். பச்சை போடவேண்டும். அப்புறம்தான் இறங்குவார்.

வேலையை விட்ட பிறகும் இதை விடவில்லை. வீட்டிலிருந்து தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிடுவார். தூரத்தில் வரும்போதே யூகலிப்டஸ் தைல வாசனை முன்னால் வரும். அப்புறம் தகடுகள். அந்த மேடையில் ஒவ்வொரு மூலைத் தகட்டுக்கும் ஒரு குரல் உண்டு. முதலாவது... டொங். இரண்டாவது... டக். மூன்றாவது... ணங். நான்காவதில் ஒரு போல்ட் லூஸ். கடக்-கடக்.

"சுண்டெலி, எவ்வளவு?"

"அறுவது, தாத்தா!"

"அறுவது!" என்று அவரும் திருப்பிக் கத்துவார். ஒரு கையைத் தூக்கிக் காட்டுவார். பச்சை. இறங்கிப் போய்விடுவார்.

வருஷக்கணக்காக இப்படி.

ஒரு நாள் எண் மாறியது.

ஐம்பது.

அந்த மேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும். ஒன்று இரண்டு கிலோவெல்லாம் அதற்குத் தூசு. ஆகவே, ஐம்பது என்று காட்டினால் நன்றாகவே இளைத்திருக்கிறார் என்று அர்த்தம். நான்கு மூலையிலும் ஐம்பதுதான். சுண்டெலி பார்த்தாள். மைக்கை எடுத்தாள். கண்ணாடிக்கு வெளியே தாத்தா அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கண்ணாடிக்கு உள்ளே எரிகிற எண்ணெல்லாம் அவர் கண்ணுக்கு ஒரு சிவப்புத் தீற்றல்தான். அவளுடைய வாய்தான் அவருக்கு எண்.

ஐம்பது என்று சொன்னால் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். நான் இளைத்தேன் என்று நினைக்கமாட்டார். மேடையில் கோளாறு என்பார். அந்தக் குளிரில், அந்த வயதில், கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு மேடைக்கடியில் உள்ள குழிக்குள் இறங்கிவிடுவார். முன்பு ஒரு தடவை அப்படி இறங்கி, ஏற முடியாமல் நின்றவரை இரண்டு டிரைவர்கள் தூக்கிவிட்டார்கள்.

"அறுவது, தாத்தா!" என்றாள்.

"அறுவது!" என்று கத்திவிட்டுப் போனார்.

ஒரு நாள்தானே என்று நினைத்தாள். மறுநாளும் அதையே சொன்னாள். ஏழு மாதம் சொன்னாள். நடுவில் ஐம்பது நாற்பதாயிற்று. அதற்கும் "அறுவது"தான்.

அவருக்குச் சந்தேகமே வரவில்லையா என்று கேட்கிறீர்களா? பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டு வந்து நின்று சிரிப்பார். "தோலு நீண்டுபோச்சு, பாத்தியா? இப்ப வர்ற பெல்ட்டெல்லாம் ரப்பர் மாதிரி. மேடை அறுவதுன்னா அறுவதுதான்." உடம்பைவிட அந்த மேடையை நம்பினார். மேடையைவிட அவளை நம்பினார்.

ஒரு நாள் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஏற்றி எடை பார்த்தார்கள். நாற்பத்தொன்று. வயிற்றிலே கட்டி. எப்போதோ முற்றிப்போயிருந்தது.

டாக்டர் கோபப்பட்டார். "இவ்வளவு எளைச்சிருக்காரு. வீட்ல ஒருத்தர் கண்ணுலயும் படலையா? ஆறு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டதுதான் மோசம்.

சுண்டெலியின் அப்பா சொன்னார்: "தெனமும் எடை பாத்துட்டுதான் சார் இருந்தாரு. அறுவதுன்னுதான் சொல்வாரு. இதோ, இவதான் பாத்துச் சொல்றவ. சொல்லேம்மா."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஆமா... அறுவதுதான் காட்டுச்சு."

"அப்ப அந்த மேடை கெட்டுப்போச்சு. நாப்பது வருஷ மேடை, வேற எப்படி இருக்கும்," என்றார் அப்பா.

கட்டிலில் கண் மூடியிருந்தவர் உதடு அசைந்தது. எல்லோரும் குனிந்தார்கள்.

"மேடை சரியா இருக்கு," என்றார்.

ஏதோ பிதற்றுகிறார் என்று நினைத்தார்கள். அவர் பேசின கடைசிப் பேச்சு அதுதான். விடிவதற்குள் போய்விட்டார்.

தண்ணீர் கொஞ்சம் கொடுங்கள்... ம்.

ஒன்பது நாள் கழித்து சுண்டெலி வேலைக்குத் திரும்பினாள். வீட்டில் இருக்கமுடியவில்லை. எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டு, "நீதான்மா அவருக்கு உசுரு, தெனமும் கூடவே இருந்த" என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு உடம்பு எரிந்தது. படுத்தால் தூக்கம் இல்லை. உட்கார்ந்தால் கால் ஆடுகிறது. கண்ணாடியைத் துடைக்கிறாள், துடைத்ததையே துடைக்கிறாள். சுவரில் எழுதியிருக்கிற வரிக்கு முதுகு காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். சோறு இறங்கவில்லை. அவளும் இளைத்துக்கொண்டிருந்தாள், ஆனால் அவள் மேடையில் ஏறவில்லை.

இரண்டு பத்து.

டொங்.

தலையைத் தூக்கினாள். மேடை காலி. எண்ணைப் பார்த்தாள்.

நாற்பது.

சில நேரம் மழைச் சேறு மேடைக்கடியில் அடைத்துக்கொண்டால் வெற்று மேடையே எடை காட்டும். அப்படிக் காட்டினால் ஜீரோ பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்தினால் அந்தக் கனம் கணக்கில் இல்லாமல் போகும். எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும். மழைக்காலத்தில் தினமும் பத்துத் தடவை செய்கிற வேலை. விரல் தானாகவே போயிற்று.

அழுத்தினாள். பூஜ்யம்.

டக்... ணங்... கடக்-கடக்.

காற்று, என்றாள் வாய்விட்டு. காற்றில் இரும்பு சத்தம் போடும் என்றாள். மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஏனென்றால் தைல வாசனை வந்தது.

அதற்கப்புறம் நான்கைந்து லாரிகள் வந்தன. எடை எல்லாம் சரியாகவே இருந்தது. கிழக்கு வெளுத்தது. முதல் வெளிச்சம் மேடையில் விழுந்த அந்த நேரம் அவள் எண்ணைப் பார்த்தாள்.

கழித்தல் நாற்பது.

புரிகிறதா, கண்ணுகளா? வெற்று மேடை பூஜ்யத்துக்கும் கீழே போகாது. மேடைமேல் ஒன்று நிற்கும்போது நீங்கள் ஜீரோவை அழுத்தியிருந்தால், அது இறங்கிப் போன பிறகுதான் கழித்தல் வரும். எது நின்றதோ, அது ராத்திரி முழுக்க நின்றிருக்கிறது. அவள் அதை ஒன்றுமில்லை என்று ஆக்கின பிறகும் நின்றிருக்கிறது. விடிந்த பிறகுதான் போயிருக்கிறது.

பகலில் மெக்கானிக் வந்தான். குழிக்குள் இறங்கினான். குமிழைக் கழற்றித் துடைத்தான், ஒயரைச் சோதித்தான், ஐம்பது கிலோக் கட்டிகளை நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தான். மேலே வந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"ஒரு கொறையும் இல்ல தங்கச்சி. இன்னும் இருவது வருஷம் ஓடும். எலி கிலி ஏறியிருக்கும்."

"நாப்பது கிலோ எலியா?"

"நல்லா சாப்ட எலி," என்றான். அவன் மட்டும் சிரித்தான்.

அன்று ராத்திரி இரண்டு பத்து. டொங். டக். ணங். கடக்-கடக். அப்புறம் நடுவில் வந்து நின்ற சத்தம்... அதற்குத் தனியாகச் சத்தம் கிடையாது. சத்தம் நின்றுபோவதுதான் அது.

முப்பது.

அவள் பொத்தானில் கை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு லாரி வந்து மேடைக்கு முன்னால் நின்றது. ஏறவில்லை. ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. அப்புறம் டிரைவர் இறங்கி ஜன்னலுக்கு வந்தார். தாடிக்காரர், எப்போதும் நக்கல் பேசுகிறவர். தொலைதூர ஓட்டத்தில் இரண்டு மாதமாக இந்தப் பக்கமே வராதவர்.

"என்ன பாப்பா, உங்க கிலோ இன்னைக்கி மேடையை விட்டு எறங்கற மாதிரி இல்லையே? ஹாரன் அடிச்சாலும் நகரமாட்டேங்கறாரு. நீ கூப்புட்டு அந்த அறுவதைச் சொல்லிடேன். எனக்கு நேரமாச்சு."

"அண்ணே... தாத்தா எறந்து பத்து நாளாச்சு."

அவர் சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்தார். திரும்பி மேடையைப் பார்த்தார்... இன்னும் பார்த்தார். அப்புறம் போய் ஏறி, அந்தப் பெரிய லாரியை ரிவர்ஸிலேயே கொண்டுபோனார். பெட்ரோல் பங்க் வரைக்கும் ரிவர்ஸ். எடை போடாமலேயே.

அவள் பெரிய விளக்கைப் போட்டாள். மேடை காலி. பனி விழுந்து தகடு முழுக்க ஈரமாகப் பளபளத்தது. நடுவில் மட்டும் இரண்டு இடம் காய்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன வட்டமும் காய்ந்திருந்தது. தடி ஊன்றின இடம்.

விளக்கை அணைத்தாள். ஜீரோவை அழுத்தினாள். அழுத்தின கையை மறு கையால் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் ராத்திரி இருபது. அதைப் பார்த்ததும் அவள் எண் காட்டுகிற பெட்டிமேல் துண்டைப் போட்டு மூடிவிட்டாள்.

ஏன் குறைந்துகொண்டே வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். உயிரோடு இருந்தபோது இளைத்தவர் போன பிறகும் ஏன் இளைக்கவேண்டும்... எனக்குத் தெரியாது. அவள் ஜீரோ அழுத்த அழுத்தக் குறைந்தாரோ என்னவோ. ஆனால் ஒன்று அவளுக்குத் தெரியும். அந்த மேடைக்குப் பத்துதான் கடைசி எண். பத்துக்குக் கீழே எதுவும் அதற்குத் தெரியாது. இன்னும் ஒரே ஒரு ராத்திரி. அப்புறம் அவர் நின்றாலும் யாருக்கும் தெரியாது. பேசாமல் அப்படியே நின்றுகொண்டே இருப்பார்.

காலையில் நேரே அத்தை வீட்டுக்குப் போனாள். என் சிநேகிதி தையல்காரி வீட்டுக்கு. தையல் மிஷின் மேல் தாத்தாவின் ஐந்து பேன்ட்டும் மடித்தபடி இருந்தன. யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி அண்ணன் அனுப்பியிருந்தாராம். அத்தை அவற்றைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

சுண்டெலி ஒரு பேன்ட்டை எடுத்து விரித்தாள். இடுப்பைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே தையல்மேல் தையல். ஒரு தடவை பிடித்தது, இன்னொரு தடவை பிடித்தது, அதற்கும் உள்ளே இன்னொன்று.

"அத்தை... இது என்ன?"

அத்தை வாயிலிருந்த ஊசியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"என்னன்னு தெரியல? மூணு தடவை உள்ள புடிச்சுத் தச்சேன். முப்பத்திநாலு இடுப்பு இருபத்தொன்பதுக்கு வந்துச்சு. ஏம்மா லூசா இருக்குன்னு கேட்டாரு. பழைய துணிப்பா, நெசவு தளர்ந்துடும்னு சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன்."

"நீ ஏன் சொல்லல?"

"நீதான் தெனமும் அறுவதுன்னு சொல்றியே! மேடை பொய் சொல்லாது, நம்ம அளவு நாடாதான் தப்பா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். இல்ல... நெனக்கல. நெனச்சுக்கிட்டா நல்லா இருக்கும்னு தோணுச்சு." அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தாள். "மேடை எவ்வளவு காட்டுச்சு? உண்மையைச் சொல்லு."

"மொதல்ல அம்பது. அப்பறம் நாப்பது."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடிப்பார்களோ, கட்டிக்கொள்வார்களோ என்று அந்த நிமிஷத்தில் அவர்களுக்கே தெரியவில்லை என்று பின்னால் தையல்காரி என்னிடம் சொன்னாள். கடைசியில் இரண்டும் நடக்கவில்லை. சுண்டெலி மேடையைப் பற்றிச் சொன்னாள். நாற்பது, முப்பது, இருபது. எல்லாம்.

நீ அதை நம்பினாயா என்று தையல்காரியைக் கேட்டேன். "எங்கப்பாவைத் தெரியாதா உனக்கு?" என்றாள் என்னிடம். "கூப்புட்ட எடை தப்பா இருந்தா அவரு எப்படி எறங்குவாரு?"

அன்று ராத்திரி இரண்டு பேருமாகப் போனார்கள். ஃபிளாஸ்கில் டீ. தையல்காரி அப்பாவின் ஒரு பேன்ட்டையும் பையில் போட்டுக்கொண்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. அறைக்குள் நாற்காலி ஒன்றுதான். அத்தை நின்றுகொண்டாள். சுண்டெலி நாற்காலியைத் திருப்பிப் போட்டாள், சுவரைப் பார்க்க.

இரண்டு ஆறு. இரண்டு எட்டு. டீ ஆறிப்போயிற்று. சுண்டெலியின் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. மேசைமேல் இருந்த பேனா அதில் நடுங்கி உருண்டது.

இரண்டு பத்து.

...

டொங்.

முந்தின ராத்திரிகளைவிட மெல்லிய சத்தம். காய்ந்த இலை ஒன்று தகட்டில் விழுந்த மாதிரி. அத்தை சுண்டெலியின் தோளைப் பிடித்தாள். டக். ரொம்ப நேரம் கழித்து... ணங். நான்காவது மூலையின் அந்த லூஸ் போல்ட் ஆடவேயில்லை. ஆட்டுகிற அளவுக்குக் கனம் இல்லை.

அப்புறம் அமைதி.

பத்து.

யூகலிப்டஸ் வாசனை. ஜன்னல் சாத்தியிருந்தது.

அத்தை பாய்ந்து மைக்கைப் பிடுங்கினாள். ஸ்பீக்கர் வெளியே கர்ரென்றது. "அப்பா! இடுப்பு முப்பத்திநாலு இல்லப்பா. இருபத்தொன்பது. துணி தளரலப்பா. நான்தான் புடிச்சுத் தச்சேன்." வெற்று நிலத்தில் அவள் குரல் போய், எங்கேயோ முட்டித் திரும்பி வந்தது. "...புடிச்சுத் தச்சேன்..."

ஒன்றும் ஆகவில்லை. பத்து. எண் மட்டும் விட்டு விட்டு மின்னியது. பத்து... இருட்டு... பத்து. போகப்போகிற மாதிரி.

சுண்டெலி மைக்கை வாங்கினாள். எதைச் சொல்வது? அதுதான் அவளுக்குத் திகைப்பு. சுவரில் எழுதியிருக்கிறது: கூப்பிட்ட எடையும் நின்ற எடையும் ஒன்றாகவேண்டும். நிற்பது பத்து. ஆனால் தாத்தா ஒரு நாளும் பத்து கிலோ இல்லை. பத்து என்றால் அதுவும் பொய். அறுபது என்றால் பழைய பொய். இன்னொரு தடவை தப்பாகச் சொன்னால்...

மைக்கின் பொத்தானை அழுத்தினாள்.

"தாத்தா. சுண்டெலி பேசறேன்."

எண் மின்னியது.

"கடைசியா நீங்க நின்னப்ப... நாப்பது, தாத்தா. அதுக்கு முன்னாடி அம்பது. ஏழு மாசமா அறுவது இல்ல. மேடை சரியாதான் காட்டுச்சு. நான்தான் மாத்திச் சொன்னேன். ஆஸ்பத்திரிலயும் நான்தான் மேடைமேல பழியைப் போட்டேன். மேடை சரியா இருக்கு, தாத்தா. நீங்க சொன்னது சரி." மூச்சு வாங்கிக்கொண்டாள். அப்புறம் வேலையில் கூப்பிடுகிற குரலில், ராகம் இல்லாமல், தெளிவாகக் கூப்பிட்டாள்:

"நாப்பது."

எண் அணைந்தது.

அத்தையின் நகம் அவள் தோளில் பதிந்த தழும்பு நான்கு நாள் இருந்ததாம்.

மேடை முனகியது. கனம் ஏறும்போது அந்தப் பெரிய தகடு அடியிலிருந்து ஒரு முனகல் முனகும். லாரி ஏறும்போது கேட்கிற முனகல்தான், ஆனால் சின்னதாக. நான்காவது மூலையில் போல்ட் அசைந்தது. கடக்.

எண் வந்தது.

நாற்பது.

மின்னாமல், ஆடாமல் நின்றது. சுண்டெலி பச்சையைப் போட்டாள்.

அவர் கையைத் தூக்கிக் காட்டினாரா என்று கேட்டேன். ஒன்றும் தெரியவில்லை, பனிதான் தெரிந்தது என்றாள் தையல்காரி. ஆனால் தடிச் சத்தம் கேட்டதாம். இறங்குகிற சரிவில் தக்... தக்... தக். ரோட்டுப் பக்கம். அதற்கு மேலும் கொஞ்ச தூரம். வாசனை மெல்ல மெல்ல விலகி, ஜன்னல் இடுக்கில் ஒரு நூலாக நின்று, அறுந்தது.

பூஜ்யம்.

இருவரும் அழுதார்கள். அவர் போய்ச் சேர்ந்த நாளில் வராத அழுகை அன்றைக்கு வந்தது. அத்தை கையோடு கொண்டுவந்த பேன்ட்டிலேயே முகத்தைத் துடைத்தாள், சுண்டெலிக்கும் அதிலேயே துடைத்துவிட்டாள். ஆறின டீயை ஆளுக்குப் பாதி குடித்தார்கள். "ஏன்டி, கல்லு மாதிரி ஆறிப்போச்சு, இதைக் குடிச்சா அவருகூடவே போய்டுவோம் போல," என்றாள் அத்தை. சுண்டெலிக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு நாளுக்கப்புறம் வந்த சிரிப்பு. பசிக்கிறது என்றாள். காலையில் முதல் வேலையாக அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றாள். கையை நீட்டி, பச்சையை அணைத்து, சிவப்பைப் போட்டாள்.

இங்கே முடித்துவிடலாம். முடித்தால் நீங்கள் எல்லாரும் நன்றாகத் தூங்குவீர்கள். நானும் முடித்துவிடத்தான் பார்க்கிறேன்... ஆனால் தையல்காரி வாயில் ஊசியோடு மிச்சத்தையும் சொல்லிவிட்டாளே.

சிவப்பு விளக்கு எரிந்த மறு நிமிஷம்...

டொங்.

இரண்டு பேரும் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்கள். மேடை காலி. ரோடு காலி. தைல வாசனை இல்லை. வேறு ஏதோ வாசனை... நனைந்த கம்பளியும் புகையிலையும் சேர்ந்த மாதிரி. அவர்களுக்குத் தெரிந்த யாருடைய வாசனையும் இல்லை.

எண்பது.

நடுவில் வந்து நின்று காத்துக்கொண்டிருந்தது. சுண்டெலி அத்தையைப் பார்த்தாள். அத்தை தலையை ஆட்டினாள். சுண்டெலி மைக்கை எடுத்தாள். "எம்பது" என்றாள். பச்சை போட்டாள். கனமான கால்கள் நிதானமாக இறங்கிப் போயின.

மறுபடி சிவப்பு. மறுபடி டொங்.

ஐம்பது. சொன்னாள். போயிற்று. எழுபது. சொன்னாள். போயிற்று.

யாரோ எங்கேயோ, அந்தக் காலி ரோட்டில், வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். இங்கே ஒருத்தி சரியான எடையைச் சொல்கிறாள் என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்ததோ. எத்தனை பேர் என்று அவள் எண்ணவில்லை. கிழக்கு வெளுக்கும்வரை விளக்கு பச்சையும் சிவப்புமாக மாறிக்கொண்டே இருந்தது. அன்றைக்கென்று ஒரு லாரியும் வரவில்லை.

கடைசியாக வந்தது நடந்து வரவில்லை. குதித்து வந்தது. டொங்-டொங். தகட்டின் சத்தம் பிடித்துப்போன மாதிரி திரும்பி வந்து, மறுபடி டொங்-டொங்.

இருபது.

அவளுடைய குரல் உடைந்துபோயிற்று. இருந்தாலும் சொன்னாள். "இருவது, கண்ணு." பச்சை.

அது இறங்கவில்லை. எண் இருபதிலேயே நின்றது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் இன்னொரு தடவை குதித்தது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லி.

சொன்னாள். விடியும்வரை சொன்னாள்.

யார் அந்த இருபது என்றா கேட்கிறாய், கதவோரக் கண்ணு? எனக்குத் தெரியாது. சுண்டெலிக்கும் தெரியாது. அவள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். ராத்திரி வேலையை வேறு யாரிடமும் விடமாட்டேன் என்கிறாளாம். இரண்டு பத்துக்கு மைக்கைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொள்கிறாளாம்.

சரி. எழுந்திருக்கிறவர்கள் இரண்டிரண்டு பேராக எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் மேனி வாடாமல் இருக்கட்டும். வாடினால் வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்கட்டும். உங்கள் வீட்டைவிட்டுப் போனவர்கள் யாரும் எங்கேயும் நின்றுகொண்டிராமல், பச்சை கண்டு, நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருக்கட்டும். மிச்சம் இருப்பவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டு, விடியும்வரை அசந்து தூங்கட்டும்.